என் தொட்டி வண்டலைக் குப்பை வண்டியில் ஏற்றியவர்களுக்கு

பெறுநர்: எங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு அலுவலர் அவர்கள்
பார்வைக்கு: மீன்வளம், வேளாண்மை அலுவலகங்களின் பொறுப்பு அலுவலர்கள்

ஆனி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு உங்கள் வண்டி என் பண்ணை வாசலில் வந்து நின்றது. மீன்தொட்டி வண்டலை மக்க வைத்து நான் செய்த உரத்தில் 14 மூட்டைகளைப் பத்தரைக்குள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூட்டைக்கு 25 கிலோ. நான்கு மாத உழைப்பு. கையில் ஒரு நோட்டீசும் 3,000 ரூபாய் அபராதச் சீட்டும் கொடுத்தார்கள். “மீன் கழிவைக் குவித்து வைத்துப் பொது சுகாதாரத்துக்கு இடையூறு” என்று அதில் எழுதியிருந்தது.

மூட்டையைத் தூக்கிய தூய்மைப் பணியாளர் ஒருவர் வாயைப் பிரித்து மோந்து பார்த்தார். “அம்மா, இதில் மண் வாசனைதானே அடிக்கிறது?” என்றார். மேற்பார்வையாளர் அவரைப் பேசவிடவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் வந்தேன். மூன்று முறையும் நாற்காலி காலியாக இருந்தது.

நான் சென்னையின் வடமேற்கு விளிம்பில் வண்ணமீன் வளர்ப்பவள். கொளத்தூர்க் கடைகளுக்குக் கப்பி, மோலி, ஏஞ்சல், தங்கமீன் கொடுக்கிறேன். என் மாமனார் காலத்தில் 6 தொட்டிகள், இன்று 32. எல்லாம் சிமென்ட் தொட்டிகள், 8 அடிக்கு 4 அடி, 2 அடி உயரத்துக்குத் தண்ணீர். ஒரு தொட்டியில் ஏறக்குறைய 1,800 லிட்டர் பிடிக்கும். மாதம் 120 கிலோ தீவனம் போடுகிறேன்.

இந்த 120 கிலோ எங்கே போகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) கால் பங்கு அளவுக்கே மீனின் உடம்பில் தங்கும். மீதி செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும், தின்னாமல் விட்ட துணுக்காகவும் தண்ணீருக்கே திரும்பிவிடும். என் தீவனத்தில் புரதம் 32 சதவீதம். கணக்குப் போட்டால் மாதம் நாலரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான தழைச்சத்து தொட்டித் தண்ணீரில் கிடக்கிறது. ஆண்டுக்கு 55 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இரண்டரை மூட்டைக்கு மேல் இருக்கும் சத்து அது. காசு கொடுத்து வாங்கிய தீவனம். அதன் முக்கால் பங்கைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மாடித்தோட்டக்காரர்கள் உரக்கடையில் வரிசையில் நிற்கிற கூத்து இந்த ஊரில் நடக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். தொட்டி அடியில் சைஃபன் போட்டு உறிஞ்சிய கறுத்த தண்ணீர் நேரே மழைநீர்க் கால்வாய்க்குப் போகும். அப்போது உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, இனி கால்வாயில் விடக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. இப்படிப் பலர் ஊற்றும் சத்துத் தண்ணீர் நீர்நிலையில் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். பிறகு அதை அள்ளுவதற்கு இயந்திரம் இறக்க வேண்டும், அதற்கும் நம் வரிப்பணம். அவர் பேச்சை மதித்துத்தான் ஊற்றுவதை நிறுத்தினேன். ஊற்றக்கூடாது என்றால் எங்கே வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவருக்கு மேலிருந்தவர்களும் சொல்லவில்லை. நானே வழி கண்டுபிடித்தேன். அந்த வழிக்குத்தான் இப்போது அபராதம்.

என்ன செய்கிறேன் என்பதை விவரமாகவே சொல்கிறேன். உங்கள் ஆட்கள் பார்க்காமல் போன பகுதி இது.

சைஃபன் தண்ணீர் முதலில் மூன்று பெரிய டிரம்களுக்குப் போகிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து வரும்போது கனமானது அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரைப் பக்கத்து நிலத்தில் கீரை போடும் அக்கா குழாய் போட்டு எடுத்துக்கொள்கிறார். சத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை; வாரம் இரண்டு கட்டு முளைக்கீரை வரும். டிரம்மின் அடியில் தங்கிய குழம்பை மணல் படுகையில் பரப்பினால் வெயில் நாளில் மூன்று நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். அதை அள்ளி, உலர்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் சாணம் சேர்த்துக் குவியல் போடுகிறேன். மீன் வண்டலில் தழைச்சத்து மிகுதி, கரிமம் குறைவு. இலைதழை போதாவிட்டால் அம்மோனியா நெடி மூக்கைப் பிடுங்கும். நெடி வந்தால் தப்பு செய்கிறோம் என்று பொருள். ஒரு கூடை நார்க்கழிவு போட்டுக் கிளறினால் மறுநாள் அடங்கிவிடும். குவியல் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் நோய்க்கிருமி சாகும் என்பதால், இறைச்சிக்குச் செருகும் நீளமான வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சூடு தணிந்த பிறகே மண்புழு விடுவேன். முழுவதும் முடிய 60 நாள். சாம்பல்சத்து இதில் குறைவு என்பதால், வாங்குபவர்களிடம் விறகுச் சாம்பலோ வாழைப்பழத் தோல் மக்கியதோ சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மாதம் 80 முதல் 90 கிலோ கிடைக்கும். கிலோ 25 ரூபாய். அதாவது 2,000 ரூபாய், ஒரு நல்ல மாதத்தில் கொஞ்சம் கூட. பணம் கொழிக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் என் தீவனச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. மார்கழிக் குளிரில் ஏஞ்சல் குஞ்சுகள் செத்து மிதக்கிற மாதத்தில் மின்கட்டணம் கட்டியது அந்தக் காசுதான்.

என் தவற்றையும் மறைக்கப் போவதில்லை. முதல் ஆண்டில் எல்லாத் தொட்டி வண்டலையும் ஒன்றாகக் கலந்தேன். வெண்புள்ளி நோய் வந்தால் தொட்டியில் உப்புப் போடுவோம். சில நேரம் மயில்துத்தம், மாலகைட் பச்சை, ஃபார்மலின். அந்தத் தொட்டி வண்டலும் உரத்துக்குள் போய்விட்டது. பெரம்பூரில் ஒரு வாடிக்கையாளரின் தக்காளிச் செடிகள் இலை ஓரம் கருகி நின்றன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையோடு ஒரு படி உரத்தையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு அலைந்தேன். மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணும் தண்ணீரும்தான் வாங்குவார்களாம். கெஞ்சிக் கூத்தாடி, சீட்டில் “மண்” என்று எழுதித்தான் உள்ளே அனுப்பினார்கள். உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் 6.3 வந்தது. மண்புழு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிக்கும் உச்சம் 4.0. உப்பு என்று புரிந்தது. அன்றிலிருந்து மருந்துத் தொட்டிகள் 4க்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வைத்திருக்கிறேன். அவற்றின் வண்டல் உரக் குவியலுக்கு வராது, கீரைக்கும் போகாது. அடுத்த பரிசோதனையில் 2.4. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, “மண்” என்ற பெயரோடு.

ஆக, ஒரே பொருள். பரிசோதனை நிலையத்தில் மண். உங்கள் நோட்டீசில் மீன் கழிவு. வண்டியில் ஏறிய பிறகு குப்பை. வேளாண்மை அலுவலகத்தில் கேட்டால், “மூலப்பொருள் மாட்டுச் சாணமா, நகரக் குப்பையா? இரண்டும் இல்லையென்றால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது?” என்கிறார்கள். மீன்வள அலுவலகத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். மீனைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், உரம் எங்கள் வேலை இல்லை என்றார்கள். மூன்று அலுவலகங்களுக்கும் இடையில் பஸ் மாறி மாறி நான் செலவழித்த நாட்களில் இன்னும் இரண்டு குவியல் போட்டிருப்பேன்.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புது வித்தை என்று உங்களுக்குத் தோன்றினால், இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஏரி, குளங்களில் படிந்த வண்டலை உழவர்கள் கட்டணமின்றி அள்ளிக்கொண்டு போய் வயலில் போட இந்த மாநில அரசே அனுமதி கொடுக்கிறது. வண்டல் அடித்த நிலம் எப்படி விளையும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். குளத்தில் மீன் இருக்கிறது, மீன் கழிக்கிறது, அது அடியில் படிகிறது. என் தொட்டியில் நடப்பதும் அதுவேதான். சுவர் மட்டும் சிமென்ட். இன்னொன்று, இதே சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் சந்தையில் வெட்டி எறியும் செதில், குடல், தலைகளிலிருந்து ‘ஹார்ட்டி பிளஸ்’ என்று தோட்டப் பயிருக்கான திரவ உரமும், ‘பிளாங்க்டன் பிளஸ்’ என்று மீன்குளத்துக்கான ஊட்டமும் தயாரித்துக் காட்டியிருக்கிறது. மீன் குடலும் வெல்லமும் சம அளவு போட்டுப் புளிக்க வைக்கும் மீன் அமிலத்தை இயற்கை உழவர்கள் பல ஆண்டுகளாகத் தெளிக்கிறார்கள். குடலையே உரமாக்கலாம் என்கிற ஊரில், குடலைத் தாண்டி வந்ததை உரமாக்கினால் குற்றமா?

கடலோர இறால் பண்ணைகளுக்கு 2005இல் சட்டம் வந்தது. அதன் கீழ் பெரிய பண்ணைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு வைத்தாக வேண்டும். நல்லது. என்னைப் போலச் சின்ன இடத்தில் வண்ணமீன் வளர்ப்பவர்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பெரியவர்களுக்கு விதி இருக்கிறது, எங்களுக்கு விதியும் இல்லை வழியும் இல்லை. வண்டி மட்டும் வருகிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். தேங்கிய தண்ணீர் என்றாலே உங்களுக்குக் கொசுப் பயம், அதிலும் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. என் பேரனுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் படுத்திருந்தேன், அவன் கட்டிலுக்குக் கீழே. அதனால்தான் மூன்று டிரம்களுக்கும் கொசுவலை கட்டி, தெளிந்த நீர் நிற்கும் கடைசி டிரம்மில் கப்பி விட்டிருக்கிறேன். கப்பி கொசுப்புழு தின்னும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஐப்பசியில் கிணறுகளில் விடுவதற்காக 500 கப்பிகளை என்னிடமிருந்துதான் உங்கள் பணியாளர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ரசீது இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. அது வேறு கதை.

நாற்றம் குறித்துப் புகார் வந்தது என்றார்கள். புகார் கொடுத்தவர் யார் என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் வந்தவர்கள் குவியல் அருகே போய் முகர்ந்து பார்த்திருக்கலாம். ஈ இருக்கிறதா, கசிவு தெருவுக்கு ஓடுகிறதா, டிரம்மில் புழு நெளிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மூட்டைகள் இருந்தது கொட்டகைக்குள், மரப்பலகை மேல். அவர்கள் பார்த்தது மூட்டை மேல் நான் கரித்துண்டால் எழுதிய ‘மீன்’ என்ற சொல்லைத்தான். அந்த ஒரு சொல்லுக்காக 350 கிலோ உரம் டயப்பரோடும் பிளாஸ்டிக்கோடும் கலந்து குப்பைமேட்டுக்குப் போனது. குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், மக்குவதை மக்க வையுங்கள் என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுப்பதும் உங்கள் அலுவலகம்தான். திடக்கழிவு மேலாண்மை விதிகள் கேட்பதும் அதைத்தான். நான் பிரித்தேன், மக்க வைத்தேன். நீங்கள் எடுத்துப்போய்க் கலந்துவிட்டீர்கள்.

அந்த மூட்டைகளில் 11 மூட்டைக்கு ஆடிப்பட்டத்துக்காக முன்பணம் வாங்கியிருந்தேன். ஒன்பது வீடுகள். அவர்களில் பாதிப் பேர் தோட்டக்கலைத் துறையின் மானிய விலை மாடித்தோட்டத் தொகுப்புகளை வாங்கி, பை, விதை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உரத்துக்குக் காத்திருந்தவர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி யாருக்காகவும் காத்திருக்காது. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என்னைச் சுற்றி மட்டும் இதே தொழிலில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பண்ணைகள் உண்டு. பலர் என்னிடம் வந்து படுகை போடுவது எப்படி என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நோட்டீஸ் செய்தி பரவிய பிறகு ஒருவரும் வருவதில்லை. இரவு 11 மணிக்கு மேல் கால்வாய் ஓரம் நடந்து பாருங்கள், சைஃபன் குழாய்கள் எங்கே திறக்கின்றன என்று தெரியும்.

இனி நான் கேட்பவை.

முதலாவதாக, அபராதத்தை ரத்து செய்யுங்கள். முடியாது என்றால், எந்த விதியின் எந்தப் பிரிவை நான் மீறினேன் என்று எழுத்தில் கொடுங்கள். “இடையூறு” என்ற ஒற்றைச் சொல் போதாது. 350 கிலோவுக்கு 8,750 ரூபாய் இழப்பீடும் கேட்கிறேன். கப்பிக்கான பாக்கியையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால் கணக்கு எளிதாக முடியும்.

அடுத்து, மீன்தொட்டி வண்டலை மக்க வைக்கும் இடங்களை எப்படிச் சோதிப்பது என்று உங்கள் ஆட்களுக்கு ஒரு பக்க அறிவுறுத்தல் எழுதிக் கொடுங்கள்: நெடி, ஈ, கொசுப்புழு, கசிவு, பக்கத்து வீட்டிலிருந்து தூரம். இவற்றில் எதில் தவறினாலும் அபராதம் போடுங்கள், மறுக்காமல் கட்டுகிறேன். மருந்து போட்ட தொட்டியின் நீரையும் வண்டலையும் என்ன செய்வது என்பதற்கு மீன்வள அலுவலகம் கறாரான விதி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் அந்த 4 தொட்டி வண்டலும் மூடிய டிரம்மில் அப்படியே கிடக்கிறது, ஒரு வருடமாக. அதை யாரிடம் ஒப்படைப்பது?

வேளாண்மை அலுவலகத்துக்கு: உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இல் வந்தது, இயற்கை உரங்கள் 2006இல் அதற்குள் வந்தன. மீன் வண்டலிலிருந்து செய்த மண்புழு உரம் அதில் மண்புழு உரமாகக் கொள்ளப்படுமா, படாதா? கொள்ளப்படும் என்றால் பரிசோதனைக்கு எங்கே, என்ன கட்டணத்தில் கொடுப்பது, மாதம் 80 கிலோ செய்கிறவள் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று சொல்லுங்கள். தனித்தனியாகக் கட்டணம் கட்ட முடியாத பண்ணைகள் சேர்ந்து ஒரே மாதிரியைக் கொடுக்க இடம் வையுங்கள்.

மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் வீட்டு முற்ற வண்ணமீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடும், பெண்களுக்கு 60 சதவீத மானியமும் வைத்திருந்தார்கள். எங்கள் பகுதியில் இனி இதுபோன்ற மானியத்துக்கு விண்ணப்பிக்கும் பெண்களுக்குத் தொட்டி, ஏரேட்டரோடு ஒரு வண்டல் டிரம்மும் மணல் படுகையும் அந்தச் செலவுக்குள் அடங்குமாறு மீன்வள அலுவலகம் பரிந்துரைக்க வேண்டும்.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் உங்கள் பழைய கிடங்கு வளாகத்தில் கால் ஏக்கர் கொடுங்கள். சாலையோர மரங்களிலிருந்து நீங்கள் கூட்டி அள்ளும் உலர்ந்த இலைகளை அங்கே கொட்டுங்கள். எங்களிடம் தழைச்சத்து இருக்கிறது, இலை இல்லை. உங்களிடம் இலை இருக்கிறது, அதையும் குப்பைமேட்டுக்குத்தான் கொண்டுபோகிறீர்கள். வாடகை வேண்டும் என்றால் உரமாகக் கொடுக்கிறோம், உங்கள் பூங்காக்களுக்கு.

30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று அலுவலகங்களுக்கும் தனித்தனியாக அனுப்புவேன்.

நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் காலை 7 மணிக்குள் வாருங்கள். அந்த நேரத்தில்தான் சைஃபன் போடுவேன். புதிய குவியல் ஒன்று பத்தொன்பதாம் நாளில் இருக்கிறது. இந்த முறை மூட்டையில் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
32 தொட்டிகளின் சொந்தக்காரி
வடசென்னை